மிளகாய்க் கண்டை நித்திரை கொள்ள விடுங்கோ

வளவுக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியளில பாதிக்கு மேல மிளகாய்தான். இஞ்ச இருக்கிற ஆக்கள் மாரி வரப்போகுது எண்டு கேக்கினம், வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் ஸ்னோ வரப்போகுது எண்டு கேக்கினம், நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில விறாந்தையில குந்தியிருந்து ரெண்டு பக்கத்துக்கும் பதில் எழுதுறன். எனக்கென்ன ஸ்னோவைப் பற்றித் தெரியும் எண்டு கேக்காதேங்கோ, தங்கச்சி வீட்டில ஒரு குளிர்காலம் முழுக்க ரொறன்ரோவில இருந்தனான், அந்தக் கதையும் கீழ வருது.

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால மூண்டு கொச்சிக்காய்க் கண்டு சாடியில நிக்குது, கோடையில நல்லாக் காய்ச்சுது. போன வருசம் குளிருக்கு முதல் உள்ளுக்க தூக்கிக்கொண்டு வந்து ஹோலில வச்சு ஒவ்வொரு நாளும் தண்ணி விட்டுப் பிள்ளை மாதிரிப் பார்த்தனான், ஜனவரிக்குள்ள மூண்டும் செத்துப் போச்சு. மிளகாய் ஒரு வருசப் பயிர்தானாம் எண்டு இவர் சொல்லுறார். ஒவ்வொரு வருசமும் புதுசா வாங்கத்தான் வேணுமோ?
— ஒரு வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்: அவரிட்டச் சொல்லுங்கோ பிள்ளை, மிளகாய் ஒரு வருசப் பயிர் இல்லை. அது பிறந்த இடம் மெக்சிக்கோவும் தென்னமெரிக்காவும், போத்துக்கேயர் கப்பலிலதான் எங்கட பக்கம் வந்தது, பிறந்த ஊரில அது வருசக் கணக்கா நிக்கிற சின்னப் பத்தை மரம். இஞ்சயும் கிணத்தடியில நிக்கிற கொச்சிக்காயைப் பாருங்கோ, நாலு அஞ்சு வருசம் ஆரும் திரும்பியும் பார்க்காமல் தன்ர பாட்டில காய்ச்சுக்கொண்டு நிக்கும். தோட்டக்காரர் வருசா வருசம் பிடுங்கிப் போட்டுப் புதுசா நடுறது விளைச்சலுக்காக, கண்டு தானாச் சாகிறதால இல்லை. உங்கட ஊரில அதைக் கொல்லுறது பனி உறையிற ஒரே ஒரு இரவு.

ஆனா உங்கட மூண்டு கண்டையும் கொண்டது குளிர் இல்லை எண்டுதான் நினைக்கிறன், தண்ணி. கோவிக்காதேங்கோ. தங்கச்சியும் இதேதான் செய்தவள். யன்னலடியில ஒரு பெரிய சாடி, அதில இடுப்பளவு மிளகாய்க் கண்டு, காலமை அரிசி கழுவின தண்ணியைக் கொண்டுவந்து ஊத்துவள், பின்னேரம் தேத்தண்ணிச் சாயத்தை ஊத்துவள், இலை மஞ்சளாகுது எண்டு சொல்லிச் சொல்லி இன்னும் ஊத்துவள். ஒரு நாள் நான் சாடியைச் சரிச்சுக் கண்டை அப்பிடியே உருவி எடுத்தன். வேரெல்லாம் மண்ணிறமா, ஊறப்போட்ட தென்னந்தும்பு மாதிரி, விரலால பிடிச்சு இழுத்தால் தோல் கழண்டு உள்ளுக்க நூல் மாதிரி ஒண்டு மட்டும் மிஞ்சுது, மணம் எங்கட ஊரில கிடுகு ஊறப்போடுற தண்ணி மணம். மேல இலை நிண்டாலும் கீழ எப்பவோ செத்துப் போச்சு.

விசயம் என்னண்டால் டிசெம்பரில உங்களுக்குப் பகல் 9 மணித்தியாலம்தான், யாழ்ப்பாணத்தில அந்த மாசத்திலயும் 11 மணித்தியாலத்துக்கு மேல. வெயிலும் இல்லை, பெரிய இலை முழுக்க நிக்குது, கண்டு என்னத்தைச் செய்யும்? வளரவும் ஏலாது தண்ணி குடிக்கவும் ஏலாது. அப்ப ரெண்டே வழிதான். ஒண்டு நல்ல லைற் பூட்டிச் சூட்டில வச்சுத் தொடர்ந்து வளர்க்கிறது, மற்றது வெட்டிக் குறுக்கி நித்திரைக்கு விடுறது. பேஸ்மென்ற் இருக்கிற ஆக்களுக்கு ரெண்டாவதுதான் சுகம், அதைச் சொல்லுறன்.

ராத்திரிக் குளிர் 10, 12 பாகை செல்சியசுக்கு வரேக்குள்ளயே வேலையத் தொடங்குங்கோ, உங்கட பக்கம் அது செப்டெம்பர் கடைசி போல வந்திடும், முதல் உறைபனி ஒக்டோபரில எப்பவும் விழலாம், அது வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. நிக்கிற காய் எல்லாத்தையும் பிஞ்சோட ஆய்ஞ்சு எடுங்கோ. பிறகு கூரான கத்தரியாலக் கொப்பெல்லாத்தையும் கழியுங்கோ, கடைசியில ஒரு சாண் உயரத்தில நடுத்தண்டும் அதில ரெண்டு மூண்டு கவருமாக, எங்கட பெடியள் கெற்றப்போலுக்கு வெட்டுற தடி மாதிரி நிக்க வேணும். இலை ஒண்டும் வேண்டாம். மனம் வராது எண்டு தெரியும். தங்கச்சி மற்றப் பக்கம் திரும்பி நிண்டவள்.

அடுத்தது வேர். சாடியால எடுத்துப் பழைய மண்ணை உதறி, வேர்க்கட்டியில மூண்டில ஒரு பங்கைச் சுத்திவர வெட்டி, மிச்சத்தைத் தண்ணியில வடிவாக் கழுவுங்கோ. இதை ஏன் சொல்லுறன் எண்டால் பழைய மண்ணோடதான் பூச்சி முட்டையெல்லாம் வீட்டுக்குள்ள வரும், டிசெம்பரில பார்த்தால் வீடெல்லாம் குட்டிக் கறுப்பு ஈ பறக்கும், பிறகு இவர் கண்டையும் உங்களையும் சேர்த்து வெளியில விட்டிடுவார். தண்டையும் சோப்புத் தண்ணியால கழுவுங்கோ, ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி மணமில்லாத மெல்லிய சோப் காணும், பிறகு நல்ல தண்ணியால அலசி விடுங்கோ. புதுச் சாடிமண் போட்ட சின்னச் சாடி, 6 அங்குலம் போதும். பெரிய சாடியில வைக்காதேங்கோ, வேர் குடிக்காத தண்ணி மண்ணில தங்கி நிக்கும்.

வைக்கிற இடம் 10க்கும் 15 பாகைக்கும் நடுவில இருக்கிற பேஸ்மென்ற் மூலை. கராஜ் எண்டால் உள்ளுக்க உறையாது எண்டு நிச்சயமாத் தெரிஞ்சால் மட்டும். வெளிச்சம் கொஞ்சம் இருந்தால் நல்லது, இல்லாட்டியும் பரவாயில்லை. தண்ணி ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்கா அரைப் பேணி, அதுவும் விரலை ரெண்டு அங்குலம் உள்ளுக்க விட்டுப் பார்த்துக் காஞ்சு கிடந்தால் மட்டும். பசளை ஒண்டும் வேண்டாம். போய்ப் போய்ப் பார்க்கவும் வேண்டாம், பார்த்தால் கை சும்மா இருக்காது.

மூண்டையும் வைக்கோணும் எண்டு இல்லை. ஆகத் திறமான ஒண்டையும் அதுக்குத் துணையா இன்னொண்டையும் வையுங்கோ. கொச்சிக்காய் இந்த விசயத்தில நல்ல பிடிவாதமான சாதி, ஸ்கொச் பொனற் எண்டு கரிபியன் கடையில விக்கிறதும் அப்பிடித்தான்.

கேள்வி: அண்ணை, நாங்கள் ஃபிளாற்றில இருக்கிறம், பேஸ்மென்ற், கார்டின் ஒண்டும் இல்லை. பல்கனியில ஒரு சிவப்பு பெல் பெப்பர், ஒரு சாதா மிளகாய். யன்னல் படியில வச்சால் தப்புமோ? ஹீற்றர் யன்னலுக்குக் கீழதான் இருக்கு, அப்ப சூடாத்தானே இருக்கும்?
— ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: அந்த ஹீற்றர்தான் தம்பி பிரச்சினை. கீழயிருந்து காஞ்ச சூடு, பக்கத்தில ஐஸ் மாதிரிக் கண்ணாடி, கண்டு காய்ச்சல்காரன் மாதிரி மாறி மாறி நடுங்கும். காத்துக் காஞ்சால் செஞ்சிற்றுண்ணியும் வரும், இலைக்குக் கீழ ஊசிமுனை அளவில அசையும், பிறகு சிலந்தி வலை மாதிரி மெல்லிசா நூல் தெரியும். சாடியை அந்த யன்னலை விட்டு எடுத்து, ஹீற்றர் இல்லாத படுக்கை அறையோ படிக்கட்டுப் பக்கமோ வையுங்கோ. லண்டனில டிசெம்பர் கடைசியில பகல் 8 மணித்தியாலம் கூட இல்லை, அதால இலையோட வளர்க்கப் போறியள் எண்டால் லைற் ஒண்டு வாங்கி ஒரு நாளைக்கு 12, 14 மணித்தியாலம் எரிய விட வேணும். கரண்ட் பில்லையும் மிளகாய் விலையையும் ஒருக்கா பக்கத்தில பக்கத்தில எழுதிப் பாருங்கோ. லைற் இல்லையெண்டால் மேல ஸ்காபரோ அக்காவுக்குச் சொன்ன மாதிரி வெட்டி, குளிரான அறையில விடுங்கோ.

பெல் பெப்பரைப் பற்றிக் கேட்டியள். என்ர அபிப்பிராயம், விடுங்கோ. அதுவும் மிளகாயும் ஒரே இனம்தான், உறைப்பு மட்டும்தான் இல்லை, வைக்க ஏலாது எண்டு இல்லை. ஆனா பெரிய காய்ச் சாதியள் குளிர்காலம் தாண்டுறது குறைவு, தாண்டினாலும் ரெண்டாம் வருசக் காய் சின்னனா வரப் பார்க்கும். புதுக்கண்டு நாலு பவுணுக்குள்ள வாங்கலாம். வீட்டில இருக்கிற அந்த ஒரு இடத்தைச் சாதா மிளகாய்க்குக் குடுங்கோ, அது தப்பினால் விதையில இருந்து வாற கண்டை விடப் பல கிழமை முந்திக் காய்க்கும், லண்டன் கோடைக்கு அந்தக் கிழமைக் கணக்குத்தான் பெரிசு. பெல் பெப்பர் கண்டு மனசுக்குப் பிடிச்சது எண்டால் அது வேற கதை, நான் ஒண்டும் சொல்லேல்லை.

உள்ளுக்க கொண்டுவாற அண்டைக்கு இலைக்குக் கீழ வடிவாப் பாருங்கோ. வெளியில, சாறு உறிஞ்சிற அழுக்கணவன் பூச்சியைத் தின்ன வண்டு இருக்கு, உள்ளுக்க ஒண்டும் இல்லை, நாலு பூச்சி நாப்பது நாளில கண்டை மூடிப்போடும்.

கேள்வி: உரப் பையில மண் நிரப்பி 20 மிளகாய்க் கண்டு வச்சிருக்கிறம், கே.ஏ 2, எம்.ஐ கிறீன் எண்ட ரெண்டு சாதி. மாசியில நட்டது, இப்ப கொஞ்சம் களைச்சுப் போச்சு, காய் சின்னன். மாரிக்கு முதல் பிடுங்கிப் போட்டுப் புதுசா நடுறதோ, இதையே வெட்டி விடுறதோ? போன மாரியில பாதி அழுகிப் போச்சு.
— சுன்னாகம்

பதில்: ஸ்னோ இல்லாட்டிலும் எங்களுக்கும் ஒரு குளிர்காலம் இருக்கு, அதின்ர பேர் மாரி. வருசம் முழுக்கப் பெய்யிற மழையில பெரும்பங்கு ஒக்டோபரில இருந்து டிசெம்பருக்குள்ள வந்து விழுகுது, புயல் வந்தால் ஒரே நாளில விழுகுது. 2008இல நிஷாப் புயல் வந்தேக்குள்ள எங்கட வளவில மூண்டு நாள் முழங்கால் தண்ணி, மிளகாய் எல்லாம் பச்சையா நிண்ட நிலையிலயே தலையைத் தொங்கப் போட்டுது, வெயில் எறிச்ச அண்டைக்குத்தான் செத்தது தெரிஞ்சது. 2020இல புரெவிப் புயலுக்கு நான் கொஞ்சம் புத்தி படிச்சிருந்தன், சாடியளை முதல் நாளே தாழ்வாரத்துக்குத் தூக்கிப் போட்டன்.

இருபதையும் வைக்காதேங்கோ. ஒரு காலமை கிணத்தடிக்குப் போக முதல் ஒவ்வொண்டா நிண்டு பாருங்கோ. இலை சுருண்டு குறண்டி நிக்கிறதைப் பிடுங்குங்கோ, அடித்தண்டில மண்ணுக்குக் கிட்ட கறுத்து நிக்கிறதைப் பிடுங்குங்கோ, எப்பவும் காய் குறைஞ்சு நிண்டதையும் பிடுங்குங்கோ. அஞ்சோ ஆறோதான் மிஞ்சும். அதுகளை வச்சிருக்கிறது பிரயோசனம், மார்கழி, தையில பச்சை மிளகாய் விலை ஏறி நிக்கேக்குள்ள புதுக்கண்டு பூக்கத் தொடங்க முதலே பழைய கண்டு காய்க்கும். பிடுங்கினதின்ர இடத்துக்குப் புது நாத்து, எல்லா முட்டையும் ஒரே கூடையில வேண்டாம்.

வெட்டுறது புரட்டாசி கடைசிக்குள்ள, ரெண்டு மூண்டு நாள் தொடர்ந்து வெயில் எறிக்கிற நேரமாப் பார்த்து. மழைக்குள்ள வெட்டினால் வெட்டுக்காயத்தால தண்ணி இறங்கிக் கொப்பு மேலயிருந்து கீழ கறுத்துக்கொண்டு வரும். கனடாவுக்குச் சொன்ன மாதிரி மொட்டையா வெட்டத் தேவையில்லை, எங்களுக்கு வெயில் இருக்கு, பாதி உயரத்துக்குக் குறைச்சுக் கொஞ்ச இலையை விடுங்கோ, ஒண்டரை மாசத்தில திரும்பப் பூக்கும். பையை நிலத்தில வைக்காமல் ரெண்டு கல்லுக்கு மேல ஏத்தி வையுங்கோ, அடியில ஓட்டை அடைபட்டுக் கிடக்கோ எண்டு ஒரு ஈர்க்கில் விட்டுப் பாருங்கோ, போன மாரியில அழுகினதுக்குப் பாதிக் காரணம் அந்த ஓட்டைதான் எண்டு பந்தயம் கட்டுவன். செம்மண் மட்டும் போட்டு நிரப்பியிருந்தால் மழைக்கு இறுகிச் சீமெந்து மாதிரி வரும், தும்புச்சோறும் உக்கின மாட்டெருவும் கலக்க வேணும். மழை பெய்யிற கிழமையில பசளை போடாதேங்கோ, காசு தண்ணியோட போகும். மழை விட்டாப் பிறகு ஒரு பிடி கூட்டெரு.

எங்கட அப்பாவுக்கு இதெல்லாம் சிரிப்பா இருந்திருக்கும். 1970களில வெளிநாட்டு மிளகாயை அரசாங்கம் கட்டுப்படுத்தி வச்சிருந்த காலம், செத்தல் மிளகாய் வித்துக் கல்வீடு கட்டின ஆக்கள் எங்கட ஒழுங்கையிலயே இருந்தவை, 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தாப்போல அந்த விலையும் போச்சு. அந்த நாளில ஒரு கண்டை ரெண்டாம் போகத்துக்கு ஆரும் வச்சிருக்கேல்லை, பிடுங்கி அடுக்கி அடுத்த நாளே நிலத்தைக் கொத்தினவை. தோட்டத்துக்கு அதுதான் சரி. நீங்கள் இருபது பையோட நிக்கிற ஆள், உங்களுக்கு ஒவ்வொரு கண்டும் முகம் தெரிஞ்சது.

கேள்வி: இலை சுருண்ட கண்டை அடியோட வெட்டி விட்டால் சுகமா தளிர்க்கும் எண்டு பக்கத்து வீட்டு அன்ரி சொல்லுறா, உண்மையோ?
— நல்லூர்

பதில்: பாதி உண்மை. இலை மேல் நோக்கித் தோணி மாதிரி மடிஞ்சு நிண்டால் பனிப்பூச்சி, கீழ் நோக்கிக் கவிண்டு காம்பு நீண்டு நிண்டால் சிற்றுண்ணி, இந்த ரெண்டுக்கும் வெட்டி நுனியளை எரிச்சுப் போட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிச்சால் வாற தளிர் நல்லா வரலாம். இலை சின்னனாகி, மஞ்சளடிச்சு, கண்டு முழுக்க ஒரு குட்டைப் பத்தையா நிண்டால் அது வைரசு, வெள்ளை ஈ காவிக்கொண்டு வந்தது. வைரசு கண்டின்ர உடம்பு முழுக்க ஓடுது, எங்க வெட்டினாலும் திரும்ப அதே தளிர்தான். அதைப் பாவம் பாத்து வச்சிருந்தால் பக்கத்தில நடுற புதுக்கண்டுக்கு நீங்களே வருத்தம் குடுக்கிற மாதிரி. எது எண்டு சந்தேகமா இருந்தால் ஒரு கொப்பைப் பொலித்தீன் பையில கட்டிக்கொண்டு உங்கட பக்கத்து விவசாயப் போதனாசிரியரிட்டக் காட்டுங்கோ.

கேள்வி: நீங்கள் முந்தி ஒருக்கா எழுதினதை வாசிச்சு வெட்டி வச்ச கண்டு இப்ப காஞ்ச தடி மாதிரி நிக்குது. செத்துப் போச்சோ, எறியட்டோ? எப்ப எழுப்புறது?
— ஒஸ்லோ, நோர்வே

பதில்: எறியாதேங்கோ. நகத்தால தண்டில ஒரு நெல்லுமணி அளவு சுரண்டிப் பாருங்கோ, உள்ளுக்க பச்சை தெரிஞ்சால் உயிர் இருக்கு. நுனி மண்ணிறமா இருந்தால் பச்சை வாற இடம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கொண்டு இறங்குங்கோ. அடி வரைக்கும் மண்ணிறம், தட்டினால் வெத்துத் தடிச் சத்தம் எண்டால் போச்சு, கவலைப்படாதேங்கோ, மூண்டில ஒண்டு போறது வழமை.

ஒஸ்லோவில வெளிச்சம் பிந்தித்தான் வரும், மார்ச்சுக்குப் பிறகு எழுப்புங்கோ. 20 பாகைக்கு மேல சூடான, வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுவந்து ஒருக்கா நல்லாத் தண்ணி விட்டுட்டு விடுங்கோ, ரெண்டு மூண்டு கிழமையில கணுவில ஊதா நிறமா ஒரு புள்ளி வரும், அது வருத்தம் இல்லை, அதுதான் தளிர். இலை நாலு விரிஞ்சாப் பிறகு மெல்லிய பசளை. வெளியில வைக்கிறது கடைசிப் பனி போனாப் பிறகுதான், அதுவும் எடுத்த எடுப்பில வெயிலில வச்சால் இலை வெளிறிக் கடதாசி மாதிரிப் போகும். முதல் நாள் நிழலில ஒரு மணித்தியாலம், பிறகு கூட்டிக் கூட்டி ஒரு 10 நாள். கனடா ஆக்கள் மே மாசத்து விக்ரோறியா டே லீவுக்குத்தான் வெளியில நடுறவை, உங்களுக்கு அதுக்கும் பிந்தும்.

கேள்வி: ஐயா, கோண்டாவில்தான் நானும். சாடியில பெல் பெப்பர் வச்சனான், பூக்குது, பூவெல்லாம் கொட்டுது. பசளை காணாதோ?
— கோண்டாவில்

பதில்: பசளை இல்லை, ராத்திரிப் புழுக்கம். அதுக்கு இரவு குளிர வேணும், எங்கட பங்குனி, சித்திரை இரவுகளில மனிசருக்கே நித்திரை வராது, பூ எப்பிடி நிக்கும்? அதுதான் நுவரெலியாப் பக்கம் கூடாரத்துக்குள்ள வளர்க்கினம். உங்களுக்கு நான் வெளிநாட்டுக்காரருக்குச் சொன்னதைத் தலைகீழாச் சொல்லுறன், கோடையில அதை நித்திரைக்கு விடுங்கோ. பங்குனியில பாதியா வெட்டி, மாமரத்துக்குக் கீழயோ நிழல் வலைக்குக் கீழயோ வச்சு மண் காயாமல் மட்டும் பாருங்கோ, மழை தொடங்கி இரவு குளிரேக்குள்ள வெளியில எடுத்தால் மார்கழி தையில காய் பிடிக்கும். நான் ரெண்டு கண்டில செய்தன், ஒண்டு நிண்டது, மூண்டு காய் வந்தது, மூண்டும் என்ர கைமுட்டி அளவு கூட இல்லை. கறிமிளகாய் வச்சிருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை, பொரிச்சாலும் ருசி.

கேள்வி: மகன் கனடாவில. எங்கட வீட்டுக் கொச்சிக்காய்க் கண்டை வேரோட ஈரச்சாக்கில சுத்திப் போற ஆக்களிட்டக் குடுத்து விடலாமோ?
— மானிப்பாய்

பதில்: வேண்டாம் அம்மா. மண்ணோட கண்டு கனடா விமான நிலையத்தில விடமாட்டினம், கண்டு குப்பைக்குப் போறது மட்டுமில்லை, கொண்டு போற பிள்ளைக்குத் தண்டம் வேற. முறையா அனுப்புறதெண்டால் கட்டுநாயக்காவில இருக்கிற தாவரத் தடுப்புக்காப்புச் சேவையில சான்றிதழ் எடுக்க வேணும், விதைக்கும் அந்த அந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்டுத்தான் அனுப்ப வேணும். மகனை அங்க கடையில ஒரு கண்டு வாங்கச் சொல்லுங்கோ, வாங்கினாப் பிறகு ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில எடுத்துத் தண்ணி விட்டியோ தண்ணி விட்டியோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ.